செப்புத் தூணில் ஏறிய களிம்பு

ஏரி உடைந்த வருஷம் கரையை அடைக்கப் போய்ச் செத்தவர்கள் நாற்பது பேர். அவர்கள் நினைவாகக் கரையில் நட்ட செப்புத் தூண், மழையிலும் வெயிலிலும் பச்சைக் களிம்பேறி நின்றது. அங்கே கூட்டிப் பெருக்குகிறவள் பூவாயி. அவள் புருஷன் பெயரும் அதில் இருந்தது.

கலெக்டர் துரை வருகிறார் என்றதும் ஜமீன்தார் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"புளியைப் போட்டுத் தேய். சாயங்காலம் ஒரு பொட்டுக் களிம்பு இருந்தாலும் நீ இந்த ஊரில் இருக்க முடியாது!"

"ஆகட்டும் எசமான். பெரியவங்க பேரிலிருந்து ஆரம்பிக்கிறதுதானே மரியாதை?"

ஜமீன்தார் பெருமையாகத் தலையாட்டினார். தூணை நட்டவர் என்று எல்லாருக்கும் மேலே இருந்தது அவருடைய அப்பா பெயர்தான்.

பூவாயி அழுத்தித் தேய்த்தாள். ஆழமில்லாமல் மேலாகக் கீறிய எழுத்து அது. பள்ளத்தில் களிம்பு தங்கியதால்தான் இத்தனை நாள் கண்ணுக்குத் தெரிந்தது. களிம்பு போனதும் பெயரும் போயிற்று.

"அடிப்பாவி! எங்கப்பா பேர் எங்கே?"

"களிம்போட போயிருச்சு எசமான். மத்த நாப்பது பேரும் இதே ஆழம்தான். தேய்க்கட்டுமா?"

"வேண்டாம், நிறுத்து" என்றார் ஜமீன்தார். அப்பா பெயர் இருந்த இடத்தில் அவர் முகம் பளபளத்தது.

பூவாயி ஏரியில் இறங்கிப் புளிக்கையைக் கழுவினாள். அவள் புருஷனின் பிணத்தைக்கூடத் திருப்பித் தராத ஏரி அது.