திரும்பிப் பார்த்த கன்று

அந்தப் பெரியாஸ்பத்திரியில் இடிந்த சலவைக்கூடம் இருந்த இடத்தில் மரகதம் டீச்சர் காடு வளர்த்தாள். பள்ளிக்கூட வேலையை விட்டு வந்தவள். நம்ம மண்ணில் தானாய் வளர்கிற மரங்களாகப் பார்த்து, கைக்கு எட்டும் நெருக்கத்தில் நடுவாள். நோயாளிகளின் உறவுக்காரர்களே வந்து நட்டார்கள்.

அவளிடம் ஒரே ஒரு கட்டளைதான் உண்டு. "பேர் வைக்கக் கூடாது. கயிறு கட்டக் கூடாது. நட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போயிடணும்."

"ஏன் டீச்சர், சுடுகாட்டுல சொல்ற மாதிரி சொல்றீங்க?" என்று ஒருத்தி முகம் சுளித்தாள். டீச்சர் அவள் கையில் ஒரு கன்றைக் கொடுத்தாள்.

சூசைமாணிக்கம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவர். மனைவி ரெஜினா புற்றுநோய் வார்டில் கிடந்தாள். வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், "எனக்கும் இந்த வேலையைக் கத்துக்கொடுங்க டீச்சர்" என்று வந்து நின்றார். மண் கிளற, ஈரம் காயாமல் சருகு பரப்பி மூடாக்குப் போட எல்லாம் சீக்கிரம் படித்துக்கொண்டார். கட்டளையை மட்டும் படிக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு வேங்கைக் கன்றை நட்டார். 'நீ பிழைச்சா ரெஜினா பிழைப்பா' என்று மனசுக்குள் சொன்னார். நாலடி நடந்து திரும்பிப் பார்த்தார். மதிலோரம், உடைந்த தண்ணீர்க் குழாய்க்கு நேரே என்று இடம் மனசில் பதிந்துவிட்டது. பாவி மனுஷன், அப்புறம் அதை எப்படி மறக்க முடியும்?

தினமும் கஞ்சி பிளாஸ்க்கோடு மாடி ஏறும் முன்னால் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார். ஒரு துளிர் விட்டால் அன்றைக்கு ரெஜினாவிடம் சிரித்துப் பேசுவார். மாசி பிறந்தபோது, இரண்டு பக்கத்திலும் இருந்த புங்கனும் நாவலும் வேங்கையைத் தாண்டி வளர்ந்துவிட்டன. வேங்கைக்கு வெளிச்சம் கிடைக்காது என்று பயந்தார். ஒருநாள் ஆளில்லாத நேரம் பார்த்து இரண்டையும் வேரோடு பிடுங்கி மதிலுக்குப் பின்னால் எறிந்தார்.

பங்குனி வெயில் காலியான இடத்தில் நேராக இறங்கியது. மண் வெடித்தது. வேங்கையின் இலை ஓரம் கருகியது. அதே வாரம் ரெஜினா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

சூசை டீச்சரிடம் ஓடினார். "டீச்சர், இந்தக் கன்று பிழைக்குமா? சொல்லுங்க. ரெஜினா பிழைப்பாளா?"

"அதை டாக்டர்கிட்டக் கேளுங்கண்ணே. மரத்துக்கு அது தெரியாது."

குனிந்து மண்ணைத் தொட்டாள். "பக்கத்துல இருந்த ரெண்டும் எங்கே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பிடுங்கிட்டேன்."

"யார் நட்டதுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றாள் டீச்சர். "எந்தக் கட்டிலுக்காகன்னும் தெரியாது."

சூசை அண்ணாந்து பார்த்தார். மூன்று மாடி ஜன்னல் கம்பிகளிலும் துண்டும் சேலையும் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு ஜன்னலில் யாரோ ஒரு பெண் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுகளை எடுத்துட்டு வாங்க" என்றாள் டீச்சர்.

மதிலுக்குப் பின்னால் போய்க் காய்ந்த கன்றுகளைப் பொறுக்கி வந்தார். டீச்சர் அவற்றை ஒடித்து வேங்கையின் அடியில் மண் தெரியாமல் பரப்பினாள். ஒரு புங்கனும் ஒரு நாவலும் புதிதாகக் கொடுத்தாள். அவர் நட்டார்.

"திட்டுங்க டீச்சர். நாலு வார்த்தை திட்டிடுங்க."

அவள் திட்டவில்லை. குழந்தைகள் வார்டுக்குப் பின்னால் இருந்த பழைய காட்டைப் பார்த்தாள். அவள் முதலில் வளர்த்தது அதுதான். உள்ளே வெயில் புகாத அடர்த்தி. அதன் நிழலில் ஒரு தாய் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அதுல என் மகனுக்காக ஒண்ணு நட்டேன்" என்றாள்.

சூசை மெல்லக் கேட்டார். "பையன்?"

"இல்லை. நட்ட அந்த மழையிலேயே போயிட்டான்."

"அவனுக்கு நட்டது... அதாச்சும் இருக்கா டீச்சர்? எது அது?"

டீச்சர் வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எதுன்னு தெரியாதுண்ணே. அதனால எல்லாத்துக்கும் தண்ணி ஊத்தினேன்."