ஒன்றும் ஓடாத கம்பி

டப்பென்று ஒரு பல்பு வெடித்த சத்தம். அந்த மகளிர் பாலிடெக்னிக்கை நினைத்தால் கோமளவல்லிக்கு இன்றும் முதலில் கேட்பது அதுதான். இருபத்தெட்டு வருடமாகிறது.

மின்சார லேபுக்கு அவள் பொறுப்பாளர், பட்டம் வாங்கியவள். ஆனால் கம்பியைக் கையால் தொடக் கற்றது வயர்மேன் சவரிமுத்துவிடம். அவளைவிட ஆறு வயது இளையவர். அவள் சந்தேகம் கேட்டால் வாயால் பதில் சொன்னது குறைவு; செய்துதான் காட்டுவார்.

அந்த ஆனியில் ஆட்குறைப்பு வந்தது. லேபிலிருந்து நீக்க ஒரு பெயர் எழுதித் தரச் சொன்னார் முதல்வர். மூன்று மேசைக்கு மூன்று உதவியாளர்கள். மூவருக்குள்ளும் நேர்ப்பேச்சு கிடையாது, ஜாடைப்பேச்சுதான். மீட்டர் வேண்டுமென்றால்கூட லேப் ஸ்டோரில் இருந்த பரிபூரணத்தம்மாளிடம் வந்து முறையிடுவார்கள். "உங்கப்பன் வீட்டுச் சீராடி இது? காலையில நீ வை, மத்தியானம் அவ வைக்கட்டும்" என்று அனுப்புவார் அந்த அம்மாள். மற்ற நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். கோமளவல்லி அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை சவரிமுத்துவிடம் கேட்டாள்.

"பரிபூரணத்தம்மா இங்க என்ன வேலை பார்க்கிறாங்க?"

அவர் மின்சாரம் வரும் மூன்று ஃபேஸ் கம்பிகளிலும் சமமாகப் பல்புகளை மாட்டி, ஸ்டாரில் இணைத்தார். மூன்றும் சேரும் நடுப்புள்ளியிலிருந்து நியூட்ரல் கம்பி. அதில் ஒரு மீட்டர். முள் பூஜ்யத்தில் நின்றது.

"இதுல ஒண்ணும் ஓடலையே?"

"ஓடலை மேடம்."

நியூட்ரல் கம்பியைக் கழற்றினார். பல்புகள் முன்போலவே எரிந்தன. பிறகு ஒரு ஃபேஸில் ஒற்றைப் பல்பை மட்டும் விட்டு, அந்த ஃபேஸின் மற்றவற்றை அணைத்தார். அந்த ஒன்று கண் கூசும் வெள்ளையாகிச் சிதறியது.

கண்ணாடித்துண்டுகளைப் பார்த்தபடி நின்ற கோமளவல்லி, விட்டுக்கொடுக்காமல் சொன்னாள்.

"ஸ்டாருக்குப் பதிலா டெல்டா இணைப்புல இந்தக் கம்பியே கிடையாதே, சவரிமுத்து."

அவர் துடைப்பத்தை எடுத்துவந்தார்.

"டெல்டாவுல மூணும் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கிட்டு நிக்கும் மேடம். நம்ம லேபுல யாரு அப்படி நிக்கிறாங்க?"

கோமளவல்லி கொடுத்த பெயரைத் திரும்ப வாங்க முதல்வர் அறைக்கு நடந்தாள். அந்தப் பெயர் எழுதிய கடிதம் முந்தின நாளே தபாலில் போயிருந்தது.

ஆடி பிறக்குமுன் பரிபூரணத்தம்மாள் சாயல்குடியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.