அங்காயி கோல் தளிர்த்த கதை

ஒரே ஒரு ஊராம். பேரு கரட்டுப்பட்டி. மூணு பக்கம் கரடு, ஒரு பக்கம் ஓடை, ஓடையில தண்ணி வந்தா வந்தது, வராட்டி இல்ல. அந்த ஊருல அங்காயின்னு ஒருத்தி இருந்தா. புருஷன் போய்ச் சேர்ந்து வருஷம் பத்தாச்சு. அஞ்சு பொண்ணுங்களையும் ஒத்தையா வளத்து, ஒவ்வொண்ணா கட்டிக் குடுத்து, கடைசிப் பொண்ணு மாட்டுவண்டியில ஏறி ஓடையைத் தாண்டிப் போனப்ப அங்காயிக்கு அறுபது முடிய ஒரு மாசம் பாக்கி.

வேற யாராச்சும்னா என்ன பண்ணுவாங்க? மூக்கைச் சிந்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அங்காயியும் கொஞ்ச நேரம் சிந்தினா, இல்லேன்னு சொல்லல. அப்புறம் முந்தானையில துடைச்சிட்டு, எறவாணத்துல தொங்கின சுரைக்குடுக்கையை இறக்கினா. உள்ள சாம்பல் போட்டுப் பத்திரப்படுத்தின விதை இருந்துச்சு. பூசணி இருந்துச்சு, பீர்க்கு இருந்துச்சு, வெள்ளரி இருந்துச்சு, அடியில ஒரு சின்ன முடிச்சுல கனகாம்பரம்.

"மயிலி, கேட்டுக்கோ. வந்த புதுசுல மாமனார் சொன்னத விதைச்சேன். அப்புறம் புருஷன் சொன்னத விதைச்சேன். அப்புறம் பிள்ளைங்க வயித்துக்கு ஆகிறத விதைச்சேன். இனிமே என் கரட்டுக்காட்டுல எனக்கு என்ன ஆசையோ அத விதைக்கப் போறேன்"னா.

மயிலி யாருன்னா, அவ வளத்த கிழட்டு வெள்ளாடு. அது பேசும். எல்லார்கிட்டயும் இல்ல, அங்காயிகிட்ட மட்டும். ஆடு எப்படிப் பேசும்னு கேக்காதீங்க, கேட்டா கதை நின்னு போயிரும்.

"கனகாம்பரம் எதுக்கு ஆத்தா? திங்க ஆகாதே"ன்னுச்சு மயிலி.

"என் தலையில வச்சுக்க. பொண்ணுங்க தலைக்கே பூவைப் பாத்துப் பாத்து வச்சாச்சு, இப்ப எனக்கு"ன்னா அங்காயி. அதை நினைச்சதுமே அவ மனசு குளுகுளுன்னு ஆயிருச்சு.

ஆனா அந்த ஊருல ஒரு வழக்கம் இருந்துச்சு. அறுபது ஆனவங்களைச் சாவடிக்குக் கூப்பிட்டு, ஊரு கூடி ஒரு கருங்காலிக் கோல் குடுப்பாங்க. அந்தக் காலத்துல அது மரியாதை. கோல் வாங்கினவங்களுக்குப் பந்தியில முதல் இலை, கோயில்ல முதல் திருநீறு. கொப்பையான்னு ஒருத்தன் நாட்டாமையா வந்தான், வழக்கம் கோணிக்கிச்சு. "கோல் வாங்கினவங்க வெயில்ல நிக்கலாமா? வீட்டு மூலையில நிம்மதியா உக்காருங்க, உங்க காட்டை நான் பாத்துக்கிறேன்"னான். பாத்துக்கிட்டான், பாத்துக்கிட்டான், அப்படிப் பாத்துக்கிட்டான். விளைச்சல் எல்லாம் அவன் களத்துக்குப் போச்சு, மூலையில உக்காந்தவங்களுக்கு மாசம் ஒரு மரக்கா கம்பு வந்துச்சு. இப்படி ஏழு பேரு காடு அவன் கையில. ஓடைப் பக்கத்து அங்காயி காடு ஒண்ணுதான் அவன் கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

ஆனி மாசம் அவளையும் சாவடிக்குக் கூப்பிட்டாங்க. கொப்பையா கரேல்னு பளபளக்குற ஒரு கோலை நீட்டினான்.

"எனக்குக் காலு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. கோல் வேண்டாம் நாட்டாமை."

"வேண்டாம்னா அய்யனாருக்கு ஆகாது. புடி."

புடிச்சா. கோழி இறகாட்டம் லேசா இருந்துச்சு.

"சரி, எத்தனை நாளைக்கு மூலையில உக்காரணும்?"

"கோல் இருக்கிற வரைக்கும்."

"அப்ப என்னைக்குத்தான் எந்திரிக்கிறது?"

கொப்பையா தொந்தி குலுங்கச் சிரிச்சான். கூட இருந்து ஒத்து ஊதுற நாலு பேரும் சிரிச்சாங்க. நாலு பேரு சிரிச்சா இந்த மாதிரி ஆளுக்குத் தலை கால் புரியுமா? "இந்தக் கோல் தளிர்க்கட்டும், அன்னிக்கு எந்திரி! உன் காடு என்ன, மத்த ஏழு காட்டையும் சேர்த்துத் திருப்பித் தாரேன். அய்யனார் குதிரை மேல சத்தியம்! தளிர்க்கலையா, ஆடி ஒண்ணாந்தேதி என் ஏரு உன் காட்டுல இறங்கும்"னுட்டான்.

ஆடிக்கு இன்னும் இருபத்தோரு நாள்தான் இருந்துச்சு.

அங்காயி வீட்டுக்கு வந்தா. முத்தத்து மூலையில உக்காந்தா. மொத நாள் எறும்பு போறதைப் பாத்தா. ரெண்டாம் நாள் எறும்பு வாறதைப் பாத்தா. மூணாம் நாள் எறும்பையும் காணோம். சுரைக்குடுக்கையை மடியில வச்சிக்கிட்டு, "நான் ஆரம்பிக்கவே இல்லையே, அதுக்குள்ள முடிஞ்சு போச்சா?"ன்னு கேட்டு அழுதா. யாருகிட்டக் கேட்டா? யாருகிட்டயும் இல்ல.

அவ அழறப்ப மயிலி என்ன பண்ணுச்சு தெரியுமா? பக்கத்துல கிடந்த கோலை நக்குச்சு. மறுபடி நக்குச்சு. மூணாந்தரம் நக்கிட்டு, "ஆத்தா, இது கருங்காலி இல்ல. எனக்குத் தெரிஞ்ச ருசி. முருங்கை! ஒரே ஒரு கடி கடிச்சுக்கட்டா?"ன்னுச்சு.

"கடிச்சே, உன் கொம்பை ஒடிச்சிருவேன்!"னு கோலைப் புடுங்கிப் பாத்தா. ஆடு நக்கின எடத்துல கரி போயி, பச்சைப் பட்டை தெரிஞ்சுது.

நடந்தது இதுதான். கருங்காலி இழைக்கிற ஆசாரிக்குக் கூலி நெல்லு குடுக்க மனசில்லாம, அந்தக் கஞ்சன் தன் கொல்லையில நின்ன முருங்கைய ஒடிச்சு, விளக்கெண்ணெயில கரியைக் குழைச்சுப் பூசிட்டான். பொறந்ததுல இருந்து மம்பட்டி புடிக்காத கை. முருங்கைன்னா அவனுக்குக் கொழம்புல போடுறது மட்டும்தான் தெரியும். ஒடிச்ச கொம்பு தளிர்க்கும்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

அங்காயிக்குத் தெரியாதா? அழுத கண்ணோட சிரிச்சா பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. மூலைய விட்டு எந்திரிக்கக் கூடாதுல்ல? எந்திரிக்கவே இல்லையே! உக்காந்த எடத்துலயே கரண்டியால குழி தோண்டினா. தடிச்ச பக்கம் கீழ வச்சு நட்டா. உச்சியில சாணி உருண்டை அப்பினா. தினம் அரிசி கழுவின தண்ணிய ஊத்தினா. மேல் பக்கத்துக் கரியைத் தேச்சு எடுத்தா, ஆனா தரைக்கு மேல ஒரு சாண் கரிய மட்டும் அப்படியே விட்டு வச்சா. எதுக்குன்னு பின்னால தெரியும்.

ஏழாம் நாள் கொப்பையா வேடிக்கை பாக்க வந்தான். அவ வீட்டு நெலைவாசல் தாழ்வு, குனிஞ்சுதான் நுழையணும். அவன் வெளிய நின்னுக்கிட்டே, "அங்காயி, மூலையிலதான் இருக்கியா?"ன்னான்.

"இருக்கேன் நாட்டாமை."

"கோலு?"

"கையெட்டுற தூரத்துல இருக்கு. குனிஞ்சு உள்ள வாங்களேன்."

"வேண்டாம் வேண்டாம்"னு போயிட்டான்.

பதினாலாம் நாளும் வந்தான், அதையே கேட்டான், அவளும் அதையே சொன்னா, "வேண்டாம் வேண்டாம்"னு போயிட்டான். அன்னிக்கு அங்காயிக்கும் லேசா பயம்தான். கொம்பு அப்படியே நின்னுச்சு, ஒரு முளையும் காணோம். "மயிலி, செத்துப் போச்சோ?"ன்னா. மயிலி மோந்து பாத்து, "செத்திருந்தா எனக்கு இப்படி எச்சில் ஊறுமா ஆத்தா?"ன்னுச்சு.

பத்தொன்பதாம் நாள் காலையில கணுவுல ஒரு பச்சைப் புள்ளி, கடுகுலயும் பாதி. அங்காயி அதைத் தொடக்கூட இல்ல, மூச்சு பட்டாக் கருகிருமோன்னு வாயைப் பொத்திக்கிட்டுப் பாத்தா. இருபதாம் நாள் கொப்பையா வந்தான், கேட்டான், "வேண்டாம் வேண்டாம்"னு போனான். அன்னிக்குக் கொம்புல நாலு தளிர்.

ஆடி பொறந்துச்சு. நாட்டாமை ஏரைப் பூட்டிக்கிட்டு வந்தான். அங்காயி மூலையில இருந்தபடியே, "ஊரே வாங்க! நாட்டாமை வாக்கு பலிச்சிருச்சு வந்து பாருங்க!"ன்னு ஒரு சத்தம் போட்டா. ஊரு வந்துச்சு. கோல் வாங்கின ஏழு பேரும் நொண்டி நொண்டி வந்தாங்க. கொப்பையாவும் வேற வழியில்லாம முதுகு நறநறக்கக் குனிஞ்சு உள்ள வந்தான். வந்து பாத்தா, கோல்ல பச்சைப் பசேல்னு இலை.

"மோசடி! கோலை மாத்திட்டா!"ன்னு கத்தினான்.

"அடியில பாருங்க, நீங்க பூசின கரி அப்படியே இருக்கு"ன்னா அங்காயி. "இப்ப நீங்களே சொல்லுங்க. நீங்க குடுத்தது கருங்காலியா? அப்படின்னா கருங்காலி தளிர்த்திருக்கு, அய்யனார் உங்க சத்தியத்தைக் கேட்டுட்டாரு. முருங்கையா? அப்படின்னா ஊரு மரியாதையில கரியப் பூசினது நீங்க. எது?"

கொப்பையா நைசா வாசப்பக்கம் நகந்தான். அதுக்குள்ள சடையன்னு ஒரு பெரியவரு தன் கோலைச் சுரண்டிப் பாத்தாரு. முருங்கை. பக்கத்துல வீராயி சுரண்டினா. முருங்கை. ஏழும் முருங்கை! "அடப்பாவி! மூணு கோலு முறிஞ்சு மூணு தடவை விழுந்தேன், என் உடம்புதான் கனமோன்னு நெனச்சு ராத்திரிச் சோத்தையே விட்டுட்டேனே!"ன்னாரு சடையன். ஊரு சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியாம நின்னுச்சு.

"ஏழு காட்டையும் குடுத்துடுறேன்"னு முனகினான் கொப்பையா. சத்தியம் அய்யனார் மேலயாச்சே.

"இன்னொண்ணு பாக்கி இருக்கு"ன்னா அங்காயி. "நாட்டாமைக்கு என்ன வயசு?"

"அம்பத்தொன்பது."

"அது எப்படி? எனக்கு அறுபது ஆச்சே! உங்க வீட்டுல பிரசவம் பாத்த கையைக் கழுவாம மருத்துவச்சி எங்க வீட்டுக்கு ஓடி வந்தான்னு எங்காத்தா சொல்லும். ஒரே நாள்ல நீங்க காலையில பொறந்தீங்க, நான் மதியம். உங்க முதுகு நறநறத்தது ஊருக்கே கேட்டுச்சு. புடிங்க உங்க கோலை!"

சடையன் தன் கோலை நீட்டினாரு. நாட்டாமை வாங்கி ஊனினான். தொந்தி கனத்துக்கு அது மடக்குன்னு முறிஞ்சு, அவன் தொப்புன்னு மூலையில உக்காந்தான். அங்காயி இருபத்தோரு நாள் உக்காந்திருந்த அதே எடம்.

ஊரு சிரிச்ச சிரிப்புல கரட்டுல இருந்த குருவி எல்லாம் பறந்துச்சு. அங்காயிதான் அவனுக்குக் கை குடுத்துத் தூக்கிவிட்டா. "மூலை ஆகாத எடம் நாட்டாமை, நான் உக்காந்து பாத்துட்டேன். எந்திரிங்க, என் காட்டுக்கு வாய்க்கால் வெட்டணும்"னு ஒரு மம்பட்டியைக் கையில குடுத்தா. வெட்டினானா? ஊரே நின்னு பாக்குது, வெட்டாம? கொப்புளம் வந்துச்சு, உடைஞ்சுச்சு, காய்ச்சுப் போச்சு, வேலையும் வந்துச்சு.

அதுக்கப்புறம் கரட்டுப்பட்டியில அறுபது ஆனவங்களுக்கு ஊரறிய முருங்கைக் கொம்புதான் குடுத்தாங்க, ஊனிக்க இல்ல, நட்டு வைக்க. அங்காயி காட்டுல பூசணி ஓடுச்சு, பீர்க்கு ஏறுச்சு. தலையில கனகாம்பரத்தை வச்சிக்கிட்டு அவ வெறுங்கையை வீசிக்கிட்டு நடந்தா. மயிலி வேலிக்கு வெளிய நின்னு தன் பங்கைக் கேட்டு வாங்கித் தின்னுச்சு.

எழுபது வயசுல ஒருநாள் அவ புளியங்கொட்டை ஊனிக்கிட்டிருந்தா. அந்த வழியா வந்த வீராயி, "இது காய்க்கப் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகுமே மதினி?"ன்னா.

"ஆகட்டுமே. நான் எங்கயும் போற அவசரத்துல இல்லையே"ன்னா அங்காயி.

அது காய்ச்சுது, அவளே உலுக்கினா, அவளே பொறுக்கினா. அதுல ஒரு புளியம்பழம் உங்களுக்கு, ஒண்ணு எனக்கு, உரிச்ச ஓட்டை மயிலிக்குப் போட்டுட்டுக் கண்ணை மூடுங்க.