தளவாய்க்குக் கிடைத்த அடுத்த வீடு

ஒரு காலத்தில் தாழையூர் நாட்டை மகரபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுக்காரர்தான், ஆனால் நினைத்தால் நினைத்தது நடந்தாக வேண்டும். ஒருநாள் விடியற்காலையில் தாம் கண்ட கனவுக்கு அர்த்தம் கேட்க, மந்திரி ஆனையப்பரை அழைத்துவர ஆளனுப்பினார். ஆனையப்பர் என்றதும் மலைபோல ஒரு மனிதரை நினைத்துவிடாதீர்கள். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. பக்கத்துக் கிராமத்திலிருந்து மாட்டுவண்டியில் அவர் வந்து சேர்வதற்குள் உச்சிப்பொழுதாகிவிட்டது. ராஜாவுக்குக் கனவே மறந்துபோய்விட்டது.

வந்ததே கோபம்! "வருகிற பௌர்ணமிக்குள் கோட்டைக்குள்ளே சொந்த வீடு வாங்கிக் குடிவந்துவிடும். இல்லையென்றால் மந்திரி வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம்!"

அந்த வேறு ஆள் தயாராகவே இருந்தான், தளவாய் சமரசிங்கரின் மைத்துனன். நகரக் காவல் முழுவதும் தளவாயின் கையில்தான். முறுக்கிய மீசையும் வாய்ச்சவடாலுமாக இருக்கும் அவருக்கு ஆனையப்பரைக் கண்டாலே ஆகாது.

ஆனையப்பரோ லஞ்சம் வாங்கத் தெரியாதவர். மனைவி மங்கைநாயகியோடு வீடு பார்க்கப் புறப்பட்டார். ராஜவீதியில் வாசலுக்கு வாசல் காவல்காரன் நின்றான். அங்கே ஒரு சின்ன வீட்டுக்குத் தரகர் சொன்ன விலையில் மந்திரிக்குத் தலை சுற்றியது. கிராமத்து நிலத்தையெல்லாம் விற்றாலும் சமையலறை மட்டும்தான் கிடைக்கும்.

தரகர் அடுத்து கருவேலந்தெருவுக்குக் கூட்டிப்போனார். பெரிய முற்றம், வற்றாத கிணறு, அடிமாட்டு விலை.

"வாசல்ல கதவையே காணோமே?" என்றாள் மங்கைநாயகி.

"நல்ல காத்தோட்டம் தாயி" என்றார் தரகர்.

எதிர்வீட்டு முத்தக்காள் இதைக் கேட்டுச் சிரித்தாள். "காத்தோட்டமா? கதவை ராத்திரியோட ராத்திரியா கழட்டிட்டுப் போயிட்டானுங்கம்மா! இங்க காலையில காயப்போட்ட புடவை சாயங்காலம் சந்தையில விலைக்கு வரும். நான் கட்டியிருக்கேனே இந்தப் புடவை, இதை நானே ரெண்டு தடவை வாங்கியிருக்கேன்."

திரும்பும் வழியில் மங்கைநாயகி அழமாட்டாத குறையாகச் சொன்னாள்: "ராஜவீதியில வாங்கினா வீட்டுல சோறு இருக்காது. இங்க வாங்கினா சோத்துப்பானையே இருக்காது. நாம என்னங்க பண்றது?" ஆனையப்பர் பௌர்ணமிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தார்.

மறுநாள் சபையில் தளவாய் வேண்டுமென்றே கேட்டார். "மந்திரியாருக்கு இன்னும் வீடு அமையவில்லையோ?"

"அமைந்துவிட்டது, தளவாயாரே. கருவேலந்தெருவில். என் மனைவிதான் திருடர் பயம் என்கிறாள்."

"திருடரா? என் காவலிலா?" தளவாய் மீசையைத் தடவினார். "மகாராஜா, பெண்பிள்ளை பேச்சு அது. ராஜவீதிக்கும் கருவேலந்தெருவுக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது."

இந்த வார்த்தை காதில் விழுந்ததும் ஆனையப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படியானால் இன்றே வாங்கிவிடுகிறேன்" என்றார். "ஆனால் ஒரு குறை, மகாராஜா. ராத்திரி பகல் பாராமல் ஊரைக் காக்கிற தளவாயாருக்கு ராஜவீதியில் இருப்பது அடக்கமான வீடு. என் வீட்டுக்கு அடுத்தாற்போல, சொந்தக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனதால் அரண்மனைக்குச் சேர்ந்த இரண்டடுக்கு மாளிகை ஒன்று சும்மா கிடக்கிறது. அதை இவருக்கே பரிசாகக் கொடுத்தால் என்ன?"

"கொடுத்தோம்!" என்று தொடையைத் தட்டினார் ராஜா. "நாளைக்கே கிரகப்பிரவேசம். பாயசம் குடிக்க நாமும் வருகிறோம்!"

தளவாயின் மீசை தொங்கிப்போய்விட்டது. "மகாராஜா... அங்கே... வாஸ்து..."

"ஏன்? ஏதாவது வித்தியாசம் உண்டோ?" என்றார் ராஜா.

"இல்லை, இல்லை!"

மறுநாள் ராஜா கருவேலந்தெருவுக்கு எழுந்தருளினார். புதுமனைக்குள் செருப்போடு போகலாமா? ரத்தினம் பதித்த பாதுகைகளை வாசலில் கழற்றிவிட்டுப் போனார். தளவாய் தம் ஆட்களையெல்லாம் உள்ளே ராஜாவைச் சுற்றி நிறுத்தியிருந்தார். வாசலில் ஒருவரும் இல்லை. ராஜா பாயசம் குடித்து, ஏப்பம் விட்டு வெளியே வந்தால் பாதுகைகளைக் காணோம்!

கூட்டம் பயந்து பின்வாங்கியது. முத்தக்காள் மட்டும் முன்னால் வந்து கும்பிட்டாள். "வெசனப்படாதீங்க மகாராஜா. சாயங்காலம் சந்தைக்கு வந்துரும். பேரம் பேசினா கொறைச்சுக் குடுப்பான்."

வெறுங்காலோடு நின்ற ராஜாவின் முகம் சிவந்தது. "சமரசிங்கரே! இதுதான் உமது மயிரிழையா? பிடியுங்கள் இவரை!"

ஆனையப்பர் குறுக்கே வந்தார். "வேண்டாம் மகாராஜா. சிறையில் போட்டால் தளவாயார் நிம்மதியாகத் தூங்குவார். இங்கேயே குடியிருக்கட்டும். காவல்காரரெல்லாம் தானாக இந்தத் தெருவுக்கு வந்துவிடுவார்கள்."

"உம்முடைய வீடும் பத்திரமாகிவிடும், அப்படித்தானே?"

"ஆமாம் மகாராஜா, அந்த ஆசை இல்லாமலில்லை" என்று தலையைச் சொறிந்தார் மந்திரி. "ஆனால் திருடர்கள் அடுத்த தெருவுக்குப் போவார்கள். காசில்லாதவர்கள் எங்கேதான் வீடு வாங்குவது? அதனால் ஒன்று செய்யலாம். ஊரிலுள்ள தெருப் பெயரையெல்லாம் எழுதிக் குடத்தில் போடுங்கள். மாதாமாதம் ஒரு சீட்டு எடுங்கள். எந்தத் தெரு வருகிறதோ அங்கே தளவாயார் குடும்பத்தோடு குடிபோகட்டும். எது வரும் என்று தெரியாததால் எல்லாத் தெருவுக்கும் காவல் போட்டே தீருவார்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். மந்திரி வேலை ஆனையப்பருக்கே என்று அங்கேயே அறிவித்து, அவர் வீட்டு வாசலுக்குத் தேக்கங்கதவு ஒன்றும் கொடுத்தார்.

தளவாய் ஈனசுரத்தில் கேட்டார்: "மகாராஜா, எத்தனை மாதத்துக்கு இப்படி?"

"எந்தத் தெருச் சீட்டு வந்தாலும் உமக்கு வயிறு கலங்காத நாள் வரைக்கும்" என்றார் ராஜா.

உள்ளே தளவாயின் வீட்டம்மாள், அன்று காலையில்தான் பிரித்து அடுக்கிய பாத்திரங்களை மறுபடி மூட்டை கட்டத் தொடங்கினாள்.