மூவரிசை வண்டிக்கு ஓலை எழுதிய கதை

கொடுமலை ராஜா உடையப்ப பூபதிக்கு மூளை இல்லாமல் இல்லை. புதுச் சாமானைக் கண்டால் மட்டும் அது எங்கேயோ ஊர் சுற்றப் போய்விடும். அப்படி அது போயிருந்த ஒரு நாளில்தான் அரண்மனை வாசலில் அந்த வண்டி வந்து நின்றது.

வண்டியா அது! ஏணி போட்டு ஏற வேண்டிய உயரம். உள்ளே மூன்று வரிசை ஆசனம். தண்ணீர்ச் செம்பு வைக்க மட்டும் பதினாறு குழி. உட்காரப்போவது எட்டுப் பேர்; பதினாறு செம்பு யாருக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"மற்ற வண்டியில் சக்கரம் சும்மா உருளும் மகாராஜா" என்றான் கொண்டுவந்த வணிகன். "இதில் அச்சுக்கு அச்சு இரும்புத் தண்டு பூட்டியிருக்கிறது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேறு, மேடு, மலை எதிலும் நிற்காது!"

முன்னால் பூட்டியிருந்த ஆறு மாடுகளுக்கு மட்டும் இந்தச் சங்கதியை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பாவம், அவை நுரை தள்ளிக்கொண்டு நின்றன.

வாகன அதிகாரி கனகசபாபதி வண்டியில் ஏறி, வழுவழுவென்ற கல் முற்றத்தில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார். தனியாக. முதல் வரிசையில். இறங்கி, "குடும்பத்தோடு மலைக்கோயில் போக இதைவிட வாகனம் பூமியிலேயே கிடையாது. மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் மூன்று பேர் காலை நீட்டி உட்காரலாம்" என்றார். ராஜா அன்றைக்கே ஊர் முழுக்கத் தமுக்கு அடித்துவிட்டார்.

மிச்சமிருந்தது ஓலை. அரண்மனைக்குள் வரும் எந்தப் பொருளுக்கும் அதன் தன்மையை எழுதி, முத்திரை வைத்து, ஓலை கட்டித் தொங்கவிட வேண்டும். அந்த உத்தியோகம் கோமதிநாயகத்துடையது. ஓலையில் பொய் எழுதினால் நாடு கடத்துவது பழைய சட்டம்.

"கோமதிநாயகம், நாளைக்குள் ஓலை வேண்டும்" என்றார் ராஜா. "தமுக்கு அடித்தாகிவிட்டது. புகழ்ந்துதான் எழுத வேண்டும். ஒரு குறை எழுதினாலும் உத்தியோகம் போய்விடும்."

கனகசபாபதி மீசைக்குள் சிரித்தார். தனக்கு ஒத்து ஊதிக்கொண்டு பக்கத்தில் நின்ற மைத்துனன் தாண்டவனை அந்த உத்தியோகத்துக்கு எப்போதோ தயார் செய்து வைத்திருந்தார். புகழ்ந்தால் நாடு போச்சு, இகழ்ந்தால் சோறு போச்சு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கோமதிநாயகத்துக்கு எரிச்சல் வந்தது.

"உத்தரவு மகாராஜா. ஒரு சின்ன விண்ணப்பம். சமைத்தவன் முதல் கவளம் தின்று காட்டுவது அரண்மனை வழக்கம். வண்டிக்கும் அதையே செய்யலாமே? புகழ்ந்தவர்கள் முதல் சவாரி போகட்டும். அதுவும் மூன்றாம் வரிசையில்."

"பேஷ்!" என்றார் ராஜா. "நானும் முன்னால் உட்கார்ந்து வருகிறேன்."

ராஜா தரும் மரியாதையை வேண்டாமென்று சொல்ல முடியுமா? கனகசபாபதி, தாண்டவன், வணிகன் மூன்று பேரும் பின்னால் ஏறினார்கள். ஏறினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. காவலர்கள் வைக்கோல் திணிப்பதுபோலத் திணித்தார்கள். கனகசபாபதியின் முழங்கால் அவர் மூக்கைத் தொட்டது. தாண்டவனின் முழங்கையும் அதே மூக்கைத் தேடி வந்தது.

"காலை நீட்டிக்கொள்ளுங்கள் ஐயா!" என்றார் கோமதிநாயகம் கீழே நின்றபடி.

"நீ ஏறவில்லையா?" என்றார் ராஜா.

"நாலு சக்கரமும் இழுக்கிற அழகைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? நான் நடந்தே வருகிறேன் மகாராஜா."

வண்டி புறப்பட்டது. கல் முற்றம் தாண்டியதும் பின்னாலிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம். கடைத்தெரு தாண்டியபோது மூன்று சத்தம். நடந்துபோன கோமதிநாயகம் ஏரிக்கரைக்கு முன்னதாகவே போய், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து இளநீர் குடித்து முடித்தார். பிறகுதான் வண்டி வந்தது.

முந்தின நாள் மழையில் கரை சேறாகக் கிடந்தது. வண்டி அதில் இறங்கியது. அவ்வளவுதான்.

"என்னய்யா, நாலு சக்கரமும் இழுக்கும் என்றானே!" என்று ராஜா கத்தினார்.

"சொன்னபடிதான் நடக்கிறது மகாராஜா" என்றார் கோமதிநாயகம். " நம் பழைய வண்டி இரண்டு சக்கரத்தோடு புதையும். இது ஒற்றுமையாக நாலும் சேர்ந்து புதைகிறது."

"மகாராஜா, இறக்கிவிடுங்கள்!" பின்னாலிருந்து கனகசபாபதி அலறினார். "இதில் மனுஷன் உட்காருவானா? அடப் பாதகா, இது வண்டியில்லை, செக்கு!"

"நீங்கள் புகழ்ந்த வண்டிதானே ஐயா!" என்று வணிகன் முனகினான்.

மூன்று பேரையும் பிடித்து வெளியே இழுக்க நான்கு காவலர்கள் வேண்டியிருந்தது. சேற்றில் விழுந்தவர்கள் எழுந்திருக்கக்கூட நினைக்கவில்லை. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "அப்பாடா, சொர்க்கம்!" என்றார்கள். ராஜாவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தன்னை மறந்து "அப்பாடா" என்றார். ஊர் சுற்றப் போன மூளை அப்போதுதான் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

கோமதிநாயகத்தைத் தனியே அழைத்து, தணிந்த குரலில் சொன்னார்: "ஏமாந்துவிட்டேன் ஐயா. ஆனால் ஊரெல்லாம் தமுக்கு அடித்தாயிற்று. குறை எழுதினால் என் மானம் போகும். பொய் எழுதினால் சட்டம் உன்னை விடாது. என்ன செய்வாய்?"

"இதற்கா யோசனை? நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன் மகாராஜா. எல்லாம் புகழ்ச்சிதான்."

கோமதிநாயகம் இடுப்பிலிருந்த எழுத்தாணியை எடுத்து அங்கேயே எழுதினார். முத்திரை வைத்து நீட்டினார். ராஜா வாங்கி உரக்கப் படித்தார்:

"இந்த வண்டியிலிருந்து இறங்கும்போது கிடைக்கிற ஆனந்தம் வேறெந்த வண்டியிலும் கிடையாது."

ராஜா வயிறு வலிக்கச் சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். ஓலை வண்டியிலேயே தொங்கியது. வண்டியை வணிகன் தன் ஊருக்கே திருப்பிக்கொண்டு போனான். கனகசபாபதியும் தாண்டவனும் வழியெல்லாம் கூடப் போய் வழியனுப்ப வேண்டும் என்பது ராஜ கட்டளை. மூன்றாம் வரிசையில்தான்.