மினுமினுத்த ஊஞ்சல் கால்கள்

வெற்றிலை வைத்திருப்பவர்கள் மென்றுகொண்டே கேளுங்கள், இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிக்கொண்டு கேளுங்கள். மலைகள் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் நெல்லிமங்கலம் என்று ஒரு நாடு இருந்தது. திருமேனிவர்மன் என்ற ராஜா அதை ஆண்டு வந்தார். நல்ல ராஜா. உடம்பு மட்டும் கொஞ்சம் தாராளம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஐப்பசி மழை பிடித்ததும் ராஜாவும் ராணியும் ஏரிக்கரையில் கட்டிய ஊஞ்சலில் உட்கார்ந்து மூன்று முறை ஆட வேண்டும். மூன்றாவது ஆட்டம் முடிந்த பிறகுதான் ஊரார் நாற்றுப் பாவுவார்கள்.

மறுநாளே அடுத்த வருஷத்து ஊஞ்சலுக்குக் கால் நடுவார்கள். கொட்டுகிற மழையில் இரண்டு மாமரங்களை வெட்டி, வெட்டிய கையோடு, ஈரம் சொட்டச் சொட்ட ஏரிக்கரை மண்ணில் இறக்கிவிடுவார்கள். காய்ந்த கட்டை சுடுகாட்டுச் சமாசாரம், மங்கல காரியத்துக்கு ஆகாது என்பது அந்த ஊர் நம்பிக்கை.

அந்தக் கால்கள் ஒரு வருஷம் மழையிலும் வெயிலிலும் நிற்க வேண்டுமே! அதற்காகவே அரண்மனையில் ஓர் ஆள் இருந்தார். பெயர் பூதலிங்கம். பதவி, காப்புப்பூச்சு அதிகாரி. தாத்தா பார்த்து, அப்பா பார்த்து, பிறகு இவருக்கு வந்த பதவி. வேப்பெண்ணெயைக் காய்ச்சி, குங்கிலியப் பொடி தூவி, தேன்மெழுகு கரைத்து, சூடு ஆறுவதற்குள் கால்களின்மேல் தடவுவார். கட்டை கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுக்கும். பூதலிங்கம் நான்கு அடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள முடியவில்லையே என்று வருத்தப்படுவார்.

முந்தைய ராஜா ஒல்லி. ஊஞ்சலில் அவர் உட்கார்ந்திருக்கிறாரா இல்லையா என்று ஊஞ்சலுக்கே தெரியாது. அதனால் வம்பில்லாமல் போயிற்று. திருமேனிவர்மன் பட்டத்துக்கு வந்த வருஷம்தான் வம்பு வந்தது.

முதல் வருஷம், முதல் ஆட்டத்தில் இடது கால் மளுக்கென்று முறிந்தது. ராஜா கீழே விழுந்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நெல்லிமங்கலத்து அரசவையில் ராஜாவைப் பற்றி 'விழுந்தார்' என்று யாரும் சொல்லக் கூடாது. ராஜா எங்கே போனாலும் எழுந்தருளினார் என்றுதான் சொல்ல வேண்டும். உடனே மந்திரி இன்மொழியார் கையைத் தூக்கி, "பூமித்தாய் அழைத்தாள், மன்னர் தரையில் எழுந்தருளினார்!" என்று முழங்கினார். ஜனங்கள் கை தட்டினார்கள். எழுந்தருளியதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது? பூதலிங்கத்துக்குப் பொன்னாடை கிடைத்தது.

பூதலிங்கம் மட்டும் முறிந்த இடத்தைக் கண்ணால் பார்த்தார். மனசுக்குள் கொஞ்சம் அரித்தது. 'பூச்சில் ஏதோ குறைகிறது' என்று முடிவுகட்டி, அந்த வருஷம் கடுக்காய்ச் சாற்றையும் சுண்ணாம்பையும் சேர்த்தார்.

இரண்டாவது வருஷம், இரண்டாவது ஆட்டத்தில் வலது கால் போயிற்று. ராஜாவும் ராணியும் சேற்றில் உட்கார்ந்தார்கள். "மன்னர் நாட்டின் மண்வளத்தைச் சோதிக்கத் தாமே எழுந்தருளினார்!" என்றார் இன்மொழியார். ராணியின் மூக்குத்தியைச் சேற்றில் தேடி எடுத்தார்கள். பூதலிங்கத்துக்கு மோதிரம் கிடைத்தது. அவர் பூச்சில் மீன் எண்ணெயையும் கருப்பட்டிப் பாகையும் சேர்த்தார். மீன் எண்ணெய்க்குப் பூனைகள் வந்தன. கருப்பட்டிக்கு எறும்பு வந்தது. எறும்பை ஓட்ட மஞ்சள்பொடி தூவினார். கால்கள் அம்மன் கோயில் உற்சவத்துக்குப் புறப்பட்ட மாதிரி நின்றன.

மூன்றாவது வருஷம், மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு காலும் ஒன்றாகப் போயின. ராஜா உருண்டு போய் ஏரிக்குள் விழுந்தார். தண்ணீர் கரையேறி, முன்வரிசையில் நின்றவர்களை முழங்கால்வரை நனைத்தது. "மன்னர் நீராட எழுந்தருளினார்!" என்றார் இன்மொழியார்.

நனைந்த வேட்டியோடு மேலே வந்த ராஜா பூதலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"பூதலிங்கம், உமக்குப் பொன்னாடை கொடுத்தாயிற்று, மோதிரம் கொடுத்தாயிற்று. இனி அதைவிடப் பெரிதாக ஒன்றுதான் பாக்கி. அடுத்த வருஷம் எங்களுக்கு முன்னால் நீரும் உம்முடைய மனைவியும் ஊஞ்சலில் அமர்ந்து ஆட வேண்டும். நாட்டில் வேறு யாருக்கும் கிடைக்காத மரியாதை!"

ஊரே ஆரவாரம் செய்தது. பூதலிங்கம் மட்டும் முறிந்து கிடந்த கால்களைப் பார்த்தார்.

அவர் மனைவி தெய்வானைக்கோ கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே தெருவெல்லாம் சொல்லி முடித்தாள். அரக்கு நிறத்தில் பட்டுச் சேலை ஒன்று நெய்யச் சொன்னாள். வந்த சேலையை வாரம் ஒருமுறை எடுத்து விரித்துப் பார்த்து மடித்து வைத்தாள். "ராணி உட்கார்ற ஊஞ்சலுங்க!" என்று சொல்லும்போது அவள் முகம் அப்படியே மலர்ந்துவிடும். பூதலிங்கத்துக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. அந்தப் பட்டுச் சேலையோடு ஊர் பார்க்க அவள் சேற்றில் உருளுவதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

என்ன செய்வார்? பூசினார். கால் நட்ட அன்று பூசினார், தை பிறந்ததும் பூசினார், ஆடிக் காற்றிலும் ஏணி வைத்து ஏறிப் பூசினார். கையில் கிடைத்ததையெல்லாம் காய்ச்சி ஊற்றினார். கால்கள் முகம் பார்க்கும்படி பளபளத்தன. ஒரு வெள்ளாடு நின்று தன் தாடியைப் பார்த்துக்கொண்டு போயிற்று.

புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம், கை கழுவிய ஈரத்தோடு சாப்பிட உட்கார்ந்தவர், நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடிக்குள் கையை விட்டார். தெய்வானை அகப்பையால் ஒரு போடு போட்டாள்.

"ஏங்க! ஈரக் கையை ஜாடிக்குள்ள விடுறீங்களே, உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? சுருளச் சுருளக் காயவெச்சுப் போட்ட ஊறுகாய். உள்ள ஈரம் புகுந்துச்சுன்னா மேல எத்தனை படி எண்ணெய் ஊத்தினாலும் பூத்துப் போயிடும். எண்ணெய் என்ன பண்ணும்? ஈரத்தை வெளிய விடாம மூடித்தான் வெக்கும்!"

பூதலிங்கத்தின் கை ஜாடிக்குமேலே அப்படியே நின்றது. வாய் திறந்தது. மூடவில்லை.

"என்ன, பல்லி கில்லி விழுந்துச்சா?" என்று தெய்வானை ஜாடிக்குள் எட்டிப் பார்ப்பதற்குள் மனிதர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவிட்டார்.

ஏரிக்கரையில் யாரும் இல்லை. இடுப்பிலிருந்த சிறு கத்தியை எடுத்து, மண்ணை ஒட்டிய இடத்தில் பூச்சைக் கீறி, கத்தியைக் கட்டைக்குள் அழுத்தினார். கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் பிடிவரைக்கும் இறங்கியது. வெளியே இழுத்தால் கூடவே கறுப்பாகத் தண்ணீர் வழிந்தது. நாற்றம் மீன் எண்ணெயையே தோற்கடித்தது. இத்தனை வருஷமாக ஈரத்தை உள்ளே வைத்து, அது தப்பித்துப் போகாதபடி பூட்டுப் போட்டுக் காவல் காத்த ஆள் தான்தான் என்று அவருக்குப் புரிந்தது.

உடனே அவர் என்ன செய்தார் தெரியுமா? சிரிக்காதீர்கள், நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம். கத்தி போட்ட ஓட்டையை மெழுகால் அடைத்து, மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

தெய்வானை பட்டுச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "நல்லா இருக்கா?" என்றாள்.

மனிதர் உடைந்து போனார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

தெய்வானை சேலையை மெதுவாக மடித்தாள். "ராஜா கிட்டப் போய்ச் சொல்லுங்க," என்றாள்.

"பதவி போயிடும்டி. தாத்தா காலத்துப் பதவி."

"பதவி போனா கூழ் குடிச்சுக்கலாம். என் இடுப்பு போனா எதைக் குடிக்கிறது?"

பூதலிங்கம் பொன்னாடையையும் மோதிரத்தையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு அரசவைக்குப் போனார்.

"மன்னா, இந்த வருஷமும் ஊஞ்சல் விழும்," என்றார்.

சபையில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். "எழுந்தருளும்! எழுந்தருளும் என்று சொல்லும்!" என்று இன்மொழியார் பதறினார்.

"இல்லை மந்திரியாரே, விழும். மன்னரும் எழுந்தருளவில்லை, விழுந்தார். மூன்று முறை விழுந்தார். தப்பு என்னுடையது. ஈரக் கட்டையைக் காயவைக்காமல் மேலே பூசிப் பூசி அழுகவிட்டேன். பார்க்கத்தான் பளபளப்பு, உள்ளே சகதி."

ராஜா சிம்மாசனத்தில் கொஞ்சம் நெளிந்தார். கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பைத் தொட்டார். பிறகு அவர் விட்ட பெருமூச்சில் பக்கத்திலிருந்த சாமரம் ஆடியது.

"அப்பாடா!" என்றார் ராஜா. "மூன்று வருஷமாக இடுப்பு வலி உயிரை எடுக்கிறது. யாரிடம் சொல்வது? தைலம் கேட்டால், எழுந்தருளியவருக்கு எதற்குத் தைலம் என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். விழுந்தேன் ஐயா, விழுந்தேன்! நன்றாகவே விழுந்தேன்!"

இன்மொழியார் விடவில்லை. "மன்னா, பூதலிங்கத்துக்கு ஏதோ மனக்கோளாறு. அந்தக் கால்களின் மினுமினுப்பைப் பார்த்தவர் இப்படிச் சொல்வாரா? யானையைக் கட்டினாலும் தாங்கும்."

"அப்படியா?" என்றார் ராஜா. "யானை எதற்கு? ஐப்பசியில் நீரே ஏறி உட்காரும்."

ஐப்பசி வந்தது, மழை வந்தது, ஊரே ஏரிக்கரையில் கூடியது. இன்மொழியார் பூச்சின் பளபளப்பில் தன் முகத்தை ஒருமுறை பார்த்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, ஊஞ்சலில் அமர்ந்தார். முதல் ஆட்டத்தில் ஒரு கால் கிறீச்சிட்டது. இரண்டாவது ஆட்டத்தில் மறு கால் முனகியது. மூன்றாவது ஆட்டத்தில் ஊஞ்சல் இருந்தது, கால் இல்லை. மந்திரி ஏரியில் ஒரு முழுக்குப் போட்டு, தலையில் தாமரை இலையோடு வெளியே வந்தார்.

ராஜா கரையோரம் போய்க் குனிந்து கேட்டார். "மந்திரியாரே, சொல்லும். விழுந்தீரா, எழுந்தருளினீரா?"

இன்மொழியார் வாயிலிருந்த தண்ணீரைக் கொப்பளித்தார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"விழுந்தேன் மன்னா! ஐயோ, விழுந்தேன்!"

நெல்லிமங்கலத்து அரசவையார் ஒருவர் வாயால் அந்தச் சொல்லை ஊரார் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜனங்கள் சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் பறந்து போயின. சிரிப்பு அடங்கியதும் நாற்றும் பாவினார்கள். மந்திரி ஆடிய மூன்று ஆட்டமே போதும் என்று ராஜா சொல்லிவிட்டார்.

பூதலிங்கத்தின் பதவி போகவில்லை. மாமரத்தை வெட்டிப் பட்டையை உரித்து, நிழலில் காற்றாட அடுக்கி, தட்டினால் கணீரென்று கேட்கும்வரை காயவைத்தார். சுடுகாட்டுப் பேச்சை எடுத்தவர்களிடம், "பச்சை மரத்தில் ஆடித்தான் நான் அந்த வாசல்வரை போய் வந்தேன்," என்று ராஜா இடுப்பைக் காட்டினார். பிறகு பூதலிங்கம் வெறும் வேப்பெண்ணெயைக் காய்ச்சி, அடிப்பக்கம் நன்றாக ஊறும்படி தேய்த்து, தண்ணீர் தேங்காமல் கல்மேல் கால்களை நிறுத்தினார். மெழுகு இல்லை, மஞ்சள் இல்லை, மீன் இல்லை. மினுமினுப்பும் இல்லை. பூனைகள்தான் ஏமாந்து போயின.

அடுத்த ஐப்பசியில், அரக்குப் பட்டுச் சேலை கட்டி, தெய்வானை அந்த ஊஞ்சலில் முதல் ஆளாக உட்கார்ந்தாள். பக்கத்தில் பூதலிங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கால் அசையவில்லை. "கண்ணைத் திறங்க, ஊரே பார்க்குது," என்றாள் தெய்வானை. திறந்து பார்த்தார். சேலையில் ஒரு துளி சேறு இல்லை. மனிதர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார்.

ஆகவே, கேட்டவர்களே, உள்ளே இருக்கும் ஈரத்தை உலர்த்தாமல் மேலே எத்தனை பூசினாலும், அந்தப் பூச்சு குறையைத்தான் காக்கும், கட்டையைக் காக்காது.