முள்ளங்கி நாற்றங்காலை விட்டு வந்த கதை

அந்தக் காலத்தில் செடி கொடிகளுக்கும் வாய் இருந்தது. சாதாரண வாயா? ஓயாத வாய். தண்ணீர் போதவில்லை என்று கத்தரி முணுமுணுக்கும். மிளகாய் எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கும். இவற்றையெல்லாம் கட்டி மேய்த்தவள் சிலம்பாயி. அவளுக்குப் பிள்ளை இல்லை. தோட்டத்தில் எது முளைத்தாலும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். ஊரில் கேலி பேசினார்கள், பேசட்டுமே, அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அப்போதெல்லாம் எந்த விதையானாலும் முதலில் நாற்றங்காலில்தான் விழும். சின்னப் பாத்தியில் நெருக்கமாகத் தூவி, நாலு இலை விட்டதும் பிடுங்கித் தோட்டத்தில் தள்ளித் தள்ளி நடுவார்கள். முள்ளங்கிக்கும் அதே வழிதான். நட்ட முள்ளங்கியோ கோணிக்கொண்டு, கால் பிளந்து, விரல் தடிமனிலேயே நின்றுவிடும். பாதிக்குமேல் பூக்காமலே காயும். அதன் ராசி அப்படி என்று சொல்லிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்த்தது. வருஷா வருஷம் விதை குறைந்து, கடைசியில் சிலம்பாயியின் சுரைக்குடுக்கையில் மட்டும் ஒரு பிடி மிஞ்சியது. அதுவும் போனால் பூமியில் முள்ளங்கியே கிடையாது.

அந்த ஒரு பிடியை அவள் சாமி கும்பிட்டுவிட்டுத் தூவினாள். உள்ளங்கையால் தண்ணீர் தெளித்து வளர்த்தாள். நடுகிற நாள் வந்ததும் வாய்க்கால் ஓரத்தில் நல்ல இடமாகப் பார்த்து, மக்கிய எரு போட்டுக் கொத்தி வைத்துவிட்டு, முதல் நாற்றின்மேல் கை வைத்தாள்.

"ஆத்தா, என்னைத் தூக்காதே," என்றது நாற்று. "முளைச்ச அன்னைக்கே நான் காலைக் கீழே விட்டுட்டேன்."

சின்னப்பிள்ளை பயப்படுகிறது என்று நினைத்துக்கொண்டாள், பாவி மகள். கத்தரி எவ்வளவு சமத்தாக வந்தான் பார் என்று தாஜா பண்ணினாள். அங்கே எரு இருக்கிறது, நிழல் இருக்கிறது என்று ஆசை காட்டினாள். பிறகு மெதுவாகத்தான் இழுத்தாள். கீழே வெள்ளை நூலாக ஓடியிருந்த வேர் அறுந்து, பாதி மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. கையில் கிடந்த நாற்று வெயில் ஏறுவதற்குள் துவண்டுபோனது. பாசத்தோடு செய்ததுதான், ஆனாலும் செய்தது அவள் கைதானே. வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

மற்றவற்றை இனி எடுக்க முடியாது. அப்படியே விட்டாலும் ஆபத்து. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன, ஒன்றுகூடப் பருக்காது, பூக்காது. புருஷன் மாரப்பன் வந்து பார்த்தான். இடம் விட்டுச் சிலதை நிறுத்திவிட்டு மற்றதைப் பிடுங்கி எறி என்றான். எந்தப் பிள்ளையை எறிவது, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டாள். அவன் மாட்டைப் பார்க்கப் போனான்.

அவள் சோறு இறங்காமல் பாத்தியோரமே கிடந்தாள். நாற்றுகள் தங்களுக்குள் வெகுநேரம் குசுகுசுவென்று பேசின. பிறகு நடுவில் நின்ற ஒன்று, வாட்டசாட்டமானதுதான், பக்கத்து நாற்றைக் காட்டிக் கூப்பிட்டது.

"ஆத்தா, இவன் நிற்கட்டும். என்னையும் என்னை மாதிரி இடையில நெருக்கி நிக்கிற ஆளுகளையும் எடுத்துக்கோ. வரப்பில் மட்டும் வீசிடாதே. உன் வயித்துல இடம் குடு."

சிலம்பாயி வெகுநேரம் அந்த இலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் இடம் விட்டு இடம் விட்டு, ஒவ்வொன்றாக, கண்ணு, கண்ணு என்று சொல்லிச் சொல்லி எடுத்தாள். முந்தானையில் ஏந்திப்போய், அலசி, உப்பும் வெங்காயமும் போட்டு வதக்கினாள். மாரப்பனுக்கு வைக்குமுன் தானே முதல் வாய் எடுத்தாள். அழுதுகொண்டேதான் தின்றாள். ஆனால் ஒரு இலை மிச்சம் வைக்கவில்லை.

பாத்தியில் நின்றவை கைகால் நீட்ட இடம் கிடைத்து, நேராக, வெள்ளை வெளேரென்று மணிக்கட்டுத் தடிமனுக்கு இறங்கின. அவள் ஒன்றைக்கூடப் பிடுங்காமல் பூக்க விட்டாள். ஊரில் எல்லார் மடிக்கும் விதை வந்தது.

அன்று முதல்தான் முள்ளங்கி விதையை அது நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுகிறார்கள். நெருங்கி முளைத்ததைப் பிடுங்கினால் எறிவதில்லை, கீரையாகச் சட்டியில் போடுகிறார்கள், பிடுங்கியவள்தான் முதல் வாய் உண்கிறாள்.